ஓடைக்கு அங்கிட்டு

இந்த பெல்ட்டை மாட்டிவிட்டதுக்கு உங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா. முந்தின விமானத்துல பக்கத்துல ஒரு வெள்ளைக்காரன். அவன்தான் மாட்டிவிட்டான், எனக்குக் கூச்சமாப் போச்சு. நீங்க தமிழ்னு தெரிஞ்ச பிறகுதான் மூச்சே வருது. சென்னைக்கு இன்னும் நாலு மணி நேரமாமே? நான் பேசிக்கிட்டே வருவேன், தொந்தரவா இருந்தா சொல்லிருங்க. என் மக சொல்லுவா, "அம்மா, நீ மூச்சு வாங்குற நேரத்துல நான் பேசினாத்தான் உண்டு"ன்னு.

மகன் வீட்டுக்குப் போயிட்டு வாரீகளா? பேரன் பேத்தி எடுத்தாச்சா? ரெண்டா? நல்லா இருக்கட்டும்.

எனக்கு ஒத்த மக. பூங்கோதைன்னு பேரு. இருக்கது அரிசோனாவுல, டூசான்னு ஒரு ஊரு. கல்யாணமாகி ஏழு வருசம். மருமகன் பேரு அருஞ்சுனைராஜ். ஆபீசுல அருஞ்சுனையை வெட்டிட்டு ராஜ்னு கூப்புடுறாகளாம். தங்கமான மனுசன், குறை சொல்லக்கூடாது. நான் போனது நாலு மாசத்துக்கு. எதுக்குப் போனேன்னு உங்களுக்கே தெரியும். ஏழு வருசம்க்கா. வயிறு திறக்கலைன்னா ஒரு தாய் போய்ப் பாக்காம என்ன செய்வா?

நான் சும்மா வீட்டுல இருந்தவ இல்ல. சாத்தூர்ப் பக்கம் அங்கன்வாடியில முப்பத்திரெண்டு வருசம் வேலை பாத்தவ. பிள்ளைகளை எடை போடுறது, சத்துமாவு குடுக்குறது, மாசமா இருக்கவங்களை வீடு வீடாப் போய்ப் பேரு எழுதுறது, எல்லாம் நான்தான். ஒரு பிள்ள தெருவுல நடந்து வர்ற நடையைப் பாத்தே சொல்லிருவேன், இவளுக்கு நாள் தள்ளியிருக்குன்னு. புருசனுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். நர்சம்மா எங்கிட்ட வந்து கேட்டுட்டுப் போவாங்க.

அந்தக் கேம்பிங் கதையைச் சொல்லணும்க்கா உங்ககிட்ட. கேம்பிங்னா தெரியும்ல? நல்ல வீட்டை விட்டுட்டுக் காட்டுல போய்த் துணிக்கூடாரம் அடிச்சுப் படுக்குறது. நான் போய் ரெண்டு மாசம் முடிஞ்சிருக்கும், ஆடி மாசக் கடைசி. ஒரு நாள் வந்து சொல்றா, "அம்மா, நம்ம ரெண்டு பேரு மட்டும் மலைக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா?" நான் என்ன நினைச்சேன், மலைன்னா கொடைக்கானல் மாதிரி லாட்ஜ் இருக்கும், கோயில் இருக்கும், சூடா பஜ்ஜி கிடைக்கும்னு. மருமகனுக்கு வேலை. ரெண்டு பேரும் கார்ல கிளம்புனோம்.

யாத்தே, அந்த ஊரு வெயிலு! நம்ம கரிசக்காட்டு வெயிலெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கணும். வழி பூராக் கள்ளி. ஒவ்வொரு கள்ளியும் பனை உசரம், ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நிக்குது. மலை ஏற ஏறக் கள்ளி மறைஞ்சு புல்லு வந்துச்சு, அப்புறம் குட்டை மரம், அதுக்கும் மேல ஊசி இலை மரம். தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு. அப்ப அவ சொன்னா, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னு. சொல்லு தாயின்னேன். ஆனா அந்த நேரம் பாத்து எனக்கு எங்க தெரு சரசுவதி மக ஞாபகம் வந்துருச்சு. "அதுக்கு முன்னாடி இதைக் கேளு, உன்கூடப் படிச்சவளுக்கு ரெட்டைப் பிள்ளை, ரெண்டும் ஆணு, ஒண்ணு ரெண்டே கால் கிலோ, ஒண்ணு ரெண்டு கிலோ"ன்னு சொன்னேன். சொல்லி முடிக்கவும் இடம் வந்துருச்சு. அவளும் மறந்துட்டா போல.

இடம்னா என்ன இடம்? ஆறே ஆறு கூடாரம் போடுற மாதிரி மண்ணைச் செதுக்கி விட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரமேசை, ஒரு இரும்புப் பெட்டி. சாப்பாட்டை எல்லாம் அந்தப் பெட்டியில வச்சு மூடணும், கரடி வருமாம்! தண்ணிக் குழாய் கிடையாது. குடிக்க, கழுவ எல்லாம் நாமளே கேன்ல கொண்டு போகணும். கக்கூஸ்னா தூரத்துல ஒரு ரூமு, உள்ள ஆழமா ஒரு குழி, அம்புட்டுத்தான். தீப்பிடிச்சுக்கிரும்னு விறகு பத்தவைக்கக் கூடாதாம், போர்டு வச்சிருக்கான். கேஸ் அடுப்பு மட்டும்தான். போனைப் பாத்தா ஒரு புள்ளி சிக்னல் இல்ல. "என்னடி, உங்கப்பா கூப்புட்டா என்ன செய்யறது?"ங்குறேன். "கூப்புட முடியாதும்மா. அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்"ங்குறா. இதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க.

எங்களைத் தவிர இன்னும் ஒரே ஒரு கூடாரம்தான். அதுல ஒரு வெள்ளைக்காரம்மா, எழுவது வயசு இருக்கும், ஒத்தையில வந்திருக்கு. டானான்னு பேரு. ஆம்பளை மாதிரி கட்டையா வெட்டின முடி, துணைக்கு ஒரு கிழட்டு நாயி. அன்னைக்குச் சாயங்காலம் நான் எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொண்டு போனதைப் பிரிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். இவ அந்தம்மா கூடாரத்துல நின்னு பேசிக்கிட்டிருக்கா. பேசுறா, பேசுறா, முடிஞ்ச பாடில்ல. எங்கிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேசாதவ, அந்தம்மாகிட்ட அருவியாக் கொட்டுறா. அந்தம்மா வாயே திறக்கல. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில இவளைச் சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் கட்டிப் பிடிப்பாக, அதனால விட்டுட்டேன். திரும்பி வந்தா, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். என்னடின்னா, புகைம்மான்னா. தீயே மூட்டாத இடத்துல ஏது புகைன்னு அப்பத் தோணல, சரின்னு சோத்தை வச்சேன்.

மறுநாக் காலையில காபி போட்டுக் குடுத்தா. நல்லாத்தான் இருந்துச்சு அந்தக் காலை, பொய் சொல்லக்கூடாது. குருவிச் சத்தம், குளுந்த காத்து. எதிர எதிர உக்காந்திருக்கோம். "அம்மா, நேத்துச் சொல்ல வந்தேன்ல..."ன்னு ஆரம்பிச்சா. நான் சொன்னேன், "நீ சொல்றது இருக்கட்டும். எங்கேயும் பிடுங்கிட்டு ஓட முடியாத இடத்துல இன்னைக்குத்தான் மாட்டியிருக்கே, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. டாக்டர்கிட்டக் காமிச்சீகளா? குறை உங்கிட்டயா, அவருகிட்டயா? வேணும்னே தள்ளிப் போடுறீகளா?" மூணே கேள்விதான் கேட்டேன். பெத்தவ கேக்கக் கூடாதா? அவ தம்ளரை மேசையில வச்சா. காபி பாதி அப்படியே இருக்கு. "கொஞ்சம் நடந்துட்டு வாரேம்மா. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நீ கூடாரத்தை விட்டு எங்கேயும் போயிராத"ன்னு சொல்லிட்டு, தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அங்கன ஒரு காட்டோடை இருக்கு. சொட்டுத் தண்ணி கிடையாது, வெறும் மணலும் உருண்டைக் கல்லும்தான். அதைத் தாண்டித்தான் மலைக்கு மேல நடைபாதை. மணல்ல அவ தடம் பதியப் பதியப் போனதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்பிப் பாக்கல.

மணி ஒண்ணாச்சு, ஒண்ணரையாச்சு. எங்க தலைக்கு மேல வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. ஆனா மலை உச்சியில மட்டும் மையை அப்பின மாதிரி மேகம். அங்கிட்டு இடி உருமுது. டானா வந்து மேகத்தைக் காட்டி என்னமோ சொல்லுச்சு, ஓடையைக் காட்டிக் கையை விரிச்சுச்சு. எனக்கு என்ன புரியும்? "எஸ், எஸ்"னேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

ரெண்டு மணி வாக்குல அவ அந்தப் பக்கத்துல தெரிஞ்சா. பாறையில இருந்து இறங்கி ஓடைப் பக்கமா வாரா. அப்பாடான்னு எந்திரிச்சு நானும் ஓடைக்கரைக்குப் போனேன். அப்பத்தான்க்கா அந்தச் சத்தம். கல்லு லாரி பத்து பதினஞ்சு சேந்து வர்ற மாதிரி. எங்கிட்டிருந்து வருதுன்னு திரும்பிப் பாக்குறேன், ஓடையோட வளைவுல இருந்து தண்ணி வருது. தண்ணின்னா தண்ணியா அது? செம்மண் குழம்பு. முன்னால நுரை, அதுக்குள்ள முறிஞ்ச மரம், வேரு, கல்லு எல்லாம் உருண்டு வருது. எங்களுக்கு ஒரு தூத்தல் கிடையாது, பாத்துக்கிடுங்க. மேல எங்கேயோ பேஞ்ச மழை. இவ ஒரு காலை மணல்ல வச்சிட்டா. "கோதை! ஏறுடீ!"ன்னு கத்துனேன் பாருங்க, என் அடிவயிறே வாய் வழியா வந்த மாதிரி. அவ பின்னாடி தாவி ஏறவும் அவ நின்ன இடத்துல தண்ணி போகவும் சரியா இருந்துச்சு.

என் ஒத்தப் பிள்ளை அங்கிட்டு. நான் இங்கிட்டு. நடுவுல இடுப்புக்கு மேல தண்ணி.

நான் இறங்கிட்டேன்க்கா. என்ன நினைச்சு இறங்குனேன்னு தெரியாது, எனக்கு நீச்சலும் தெரியாது. கணுக்கால் நனைஞ்சிருக்கும், அம்புட்டுத்தான். டானா பின்னால இருந்து மருமகனோட ஸ்வெட்டரைச் சேத்துப் பிடிச்சு இழுத்துருச்சு. சேலைக்கு மேல அதைத்தான் போட்டிருந்தேன். நான் அந்தம்மா கையில அடிச்சேன், கிள்ளுனேன், வாய்க்கு வந்தபடி ஏசுனேன். விடலையே! எழுவது வயசுக் கிழவிக்கு என்ன பிடி! கரையில உக்கார வச்சு, பக்கத்துலேயே உக்காந்துக்கிச்சு. நாயி அதுபாட்டுக்குக் குலைக்குது.

ஒரு மனுசிக்குக் கை காலு இருந்தும் இல்லாத மாதிரி ஆகுமா? எனக்கு அன்னைக்கு ஆச்சு. போன்ல சிக்னல் இல்ல. காரு நிக்குது, எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்துல மனுசி இருக்கா, பாஷை தெரியாது. நம்ம ஊரா இருந்தா நான் போட்ட கூச்சலுக்கு ரெண்டு தெரு திரண்டிருக்கும், ஒரு கயிறாவது வந்திருக்கும். அங்க மரம்தான் நிக்குது. தொண்டை கிழியக் கத்துறேன். "குளிருதா? பசிக்குதா? தள்ளி உக்காரு! காலுல அடியா?" ஒண்ணும் அங்க போய்ச் சேரல. அந்தத் தண்ணி இரைச்சல் எல்லாத்தையும் தின்னுருது. கொஞ்ச நேரத்துல எனக்குக் குரலே போச்சு. முப்பத்திரெண்டு வருசம் அறுபது பிள்ளைகளைக் கத்தி மேய்ச்ச தொண்டை, வெறும் காத்தா வருது.

நான் அடங்கின பிறகு அவ என்ன செஞ்சான்னா, எனக்கு நேர் எதிர ஒரு பாறையில சம்மணம் போட்டு உக்காந்தா. உக்காந்து பேச ஆரம்பிச்சா. ஆமாக்கா, பேசுனா. எனக்கு வாயசையிறது மட்டும் தெரியுது. என்னைய நேராப் பாத்துக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி, நிதானமாப் பேசுறா. இடையில அழுதா. முகத்தைத் துடைச்சுக்கிட்டு மறுபடி பேசுனா. ஒரு தடவை வயித்துல கையை வச்சா. பசிக்குது பிள்ளைக்குன்னு நான் துடிச்சுப் போனேன். அப்புறம் மூணு விரலைத் தூக்கிக் காமிச்சா. தண்ணி வடிய மூணு மணி நேரம் ஆகும்னு சொல்றா போலன்னு நினைச்சு, நான் நல்லாத் தலையை ஆட்டுனேன். சரி, சரி, பரவாயில்லன்னு கையையும் காமிச்சேன். அவ என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் முழங்கால்ல முகத்தைக் கவுத்துக்கிட்டா.

அவ சொன்ன மாதிரியே தண்ணி வடிய சாயங்காலம் ஆகிப்போச்சு. இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. முழங்கால் அளவுக்கு இறங்கின பிறகு டானா ஒரு கம்பை ஊனிக்கிட்டு இறங்கிப் போய், அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. பிள்ளை வெடவெடன்னு நடுங்குறா. துண்டைப் போத்தி, தலையைத் துவட்டி, மிச்சமிருந்த எலுமிச்சஞ்சோத்தை உருட்டி வாயில குடுத்தேன். ரெண்டு உருண்டை வாங்குனா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா:

"எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. இனிமே எங்கிட்ட ஒண்ணும் கேக்காத."

"ஒரு வார்த்தை காதுல விழலையே தாயி. திரும்பச் சொல்லு."

"விழாததுனாலதாம்மா சொல்ல முடிஞ்சது"ன்னா.

அம்புட்டுத்தான். மறுநாக் காலையில கூடாரத்தைப் பிரிச்சுக் கட்டிட்டுக் கிளம்பிட்டோம். டானாகிட்ட நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா கையில நான் கிள்ளுன இடம் நீலமாக் கிடந்துச்சு.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் எனக்கு அன்னந்தண்ணி இறங்கல. கேக்காதன்னுட்டாளே. மூணாம் நாள் அவ கடைக்குப் போயிருந்த நேரம், மருமகன் அடுப்படியில பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாரு. "மாப்பிள்ள, கோதைக்கு என்ன?"ன்னு கேட்டேன். அவரு குழாயை மூடல. தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "மூணு தடவை தங்கி, மூணு தடவையும் கலைஞ்சிருச்சு அத்தே. யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டா. கடைசியா, நீங்க வந்த ரெண்டாவது வாரம்."

நான் வந்த ரெண்டாவது வாரம்க்கா. நான் அந்த வீட்டுலதான் இருக்கேன். அவ ரெண்டு நாள் எந்திரிக்காமப் படுத்துக் கிடந்தா. வயித்துவலிம்மா, சேராததைத் தின்னுட்டேன்னா. நான் ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். கட்டில்ல அவ பக்கத்துல உக்காந்து, "உங்களுக்கெல்லாம் வெளிச்சாப்பாடுதான் கேடு, இப்படித் தின்னா எப்படி உண்டாகும்?"னு சொன்னேன். அவ சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தா. நடையைப் பாத்தே சொல்றவ நான். எம் பிள்ளை எனக்கு முன்னால நடந்துதானே போச்சு, வந்துச்சு?

நான் சொல்றேன், தப்பு அவ மேலயும் இருக்கு. சொல்லியிருக்கணும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனா? எனக்குத் தெரியாத விசயமா இது? எங்க பதிவேட்டுல அதுக்குன்னு ஒரு கட்டமே உண்டு. 'கருச்சிதைவு'ன்னு எழுதி, தேதி போட்டு, அந்தப் பேரைக் குறுக்க ஒரு கோடு அடிச்சிரணும். அடுத்த மாசத்துல இருந்து அவளுக்குச் சத்துமாவு நிறுத்திருவோம். என் கையால எத்தனை பேருக்குக் கோடு அடிச்சிருப்பேன்! அடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவேன். கதவுக்குப் பின்னால அந்தப் பிள்ளைக நின்னு பாக்கும். ஒண்ணும் சொல்லாதுக. நானும் நின்னதில்ல, வெயிலு ஏறிரும்ல?

மிச்சம் ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவ, "என்னம்மா, தண்ணி வேணுமா? டிவி போடவா?"ன்னு எந்திரிச்சுருவா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா, அதுவும் தெரியல. மருமகன் சொன்னாரா, சொல்லலையா, அதையும் அவருகிட்டக் கேக்கப் பயம். ஊர்ல இருந்து எங்க வீட்டுக்காரரு வாரா வாரம் போன்ல, "என்ன, விசேசம் உண்டா?"ன்னு கேப்பாக. சிக்னல் சரியில்லைன்னு வச்சிருவேன். வேற என்ன சொல்ல? ரசம் வச்சேன், துணி மடிச்சேன், அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வச்சுவிட்டேன். எண்ணெய் வைக்கையில மட்டும் எந்திரிச்சுப் போக மாட்டா. அப்ப நானும் பேசமாட்டேன். பேசுனா அதுவும் போயிரும்னு.

நேத்து, இல்ல முந்தாநாளா, இந்த நாளு கணக்கே குழம்புது, ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டா. விமானம் மாறுற இடத்துல நான் பாஷை தெரியாம அலையக் கூடாதுன்னு எனக்குச் சக்கர நாற்காலி சொல்லி வச்சிருந்தா. அதுல உக்காந்தா அவங்களே கொண்டுபோய்ச் சரியான வாசல்ல விட்டுருவாங்களாம். ஆறடிக்கு ஒரு ஆளு வந்து உக்கார வச்சான். மடியில பையைக் குடுத்தான். ஒரு கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் அவ வரலாம். அதுக்கு அங்கிட்டு டிக்கெட் உள்ளவங்க மட்டும்தான்.

அவ எனக்கு முன்னால குனிஞ்சு சேலை முந்தியைச் சக்கரத்துல மாட்டாம ஒதுக்கிவிட்டா. "நான் நல்லா இருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லும்மா"ன்னா. நான் அவ கன்னத்தைப் பிடிச்சு, "நல்லா இருக்கியா தாயி?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு நிறுத்திட்டேன்க்கா. ரெட்டைப் பிள்ளைக் கதை சொல்லல, மாத்திரை சாப்புடுன்னு சொல்லல, ஒண்ணும் சொல்லல. வாயை இறுக்க மூடிக்கிட்டு அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன். அவளும் என்னையவே பாத்தா. ஓடைக்கு அங்கிட்டு இருந்து பாத்தாளே, அதே பார்வை. உதடு துடிக்குது. "அம்மா..."ன்னா.

அந்த ஆளு வண்டியைத் தள்ளிட்டான்.

அவனுக்கென்ன தெரியும்? அவனுக்கு நேரம். கதவு தானாத் திறந்துச்சு, உள்ள போனோம், பின்னால மூடிக்கிச்சு. தலையைத் திருப்பிப் பாத்தேன். கண்ணாடிக்கு அங்கிட்டு அவ பேசிக்கிட்டுத்தான் நின்னா. கடைசி வரைக்கும் வாயசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

எனக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்குக்கா. நீங்களே பாத்தீகள்ல, இந்த சீட்டுக்கு நானாத்தானே நடந்து வந்தேன்? எந்திரிச்சு நாலு எட்டு வச்சிருந்தா அவகிட்டப் போயிருக்கலாம். நான் பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்.